பாதுகாவலரின் வாசலுக்குப் போகும் வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பேரரசின் ஆவணங்களில் ஒரு பதவி வெவ்வேறு கண்டங்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. டிரினிடாடில் அடிமைகளின் பாதுகாவலர். ஆஸ்திரேலியாவில் பழங்குடிகளின் பாதுகாவலர். சிங்கப்பூரில் சீனர்களின் பாதுகாவலர். மொரிஷியஸிலும் நேட்டாலிலும் குடியேறிகளின் பாதுகாவலர். அந்தக் குடியேறிகள் கப்பலேறிய சென்னையிலும் கல்கத்தாவிலும் குடிபெயர்வோரின் பாதுகாவலர். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே பெயர்: புரொடெக்டர். கரும்புத் தோட்டத் துரைக்கோ ஆட்டுப்பண்ணை முதலாளிக்கோ இப்படியொரு பாதுகாவலரை யாரும் நியமித்ததில்லை. அவர்களுக்குப் போலீஸ் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, பல இடங்களில் சட்டசபையும் அவர்கள் கையிலேயே இருந்தது.

இந்தப் பட்டியலுக்குள் ஒரு வழக்கம் ஒளிந்திருக்கிறது. ஒரு மக்கள் கூட்டத்தை அரசே இன்னொருவர் லாபத்துக்கு ஒப்படைக்கிறது, அல்லது ஏற்கெனவே பிடித்துக்கொண்டவரின் பிடியைச் சட்டமாக்குகிறது. பிறகு மனசாட்சி உறுத்தியோ, லண்டனில் யாராவது கேள்வி கேட்டோ, அதே கூட்டத்துக்கு ஒரு பாதுகாவலரை வைக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று ஒரே வரியில் முடித்துவிட ஆசை வரும். அது அவசரத் தீர்ப்பு. இந்தப் பாதுகாவலர்களில் நாணயமானவர்கள் இருந்தார்கள். நாணயமாக இருந்ததால் வேலை போனவர்களும் இருந்தார்கள். ஆளின் குணத்தைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொரு கேள்வி. அடிபட்டவர் யாரிடமும் அனுமதி கேட்காமல் அந்தப் பாதுகாவலரின் வாசலுக்கு நடந்து போக முடிந்ததா?

பட்டத்துக்கு இங்கிலாந்திலேயே ஒரு பழைய சரித்திரம் உண்டு. அரசன் சிறுவனாக இருந்தால் அவன் பெயரில் நாட்டை நடத்துபவருக்கு லார்ட் புரொடெக்டர் என்று பெயர். 1483இல் 12 வயது ஐந்தாம் எட்வர்டுக்கு அவனுடைய சித்தப்பா ரிச்சர்ட் பாதுகாவலரானார். சில வாரங்களில் அவரே மூன்றாம் ரிச்சர்டாக முடிசூடிக்கொண்டார். லண்டன் கோபுரத்தில் வைக்கப்பட்டிருந்த எட்வர்டையும் அவன் தம்பியையும் அதன்பின் யாரும் வெளியே பார்க்கவில்லை. 1653இல் ஆலிவர் கிராம்வெல் ஏற்றுக்கொண்டதும் இதே பட்டம்தான். மன்னனின் தலையை வெட்டிய கையோடு மன்னன் என்று சொல்லிக்கொள்ள முடியாதல்லவா? பாதுகாக்கப்படுபவர் மைனர், பாதுகாப்பவர் அவருக்குப் பதில் கையெழுத்துப் போடுகிறவர் என்ற எண்ணம் பட்டத்தோடு ஒட்டிக்கொண்டே வந்தது. கடல் கடந்து போனபோது அந்த மைனர் இடத்தில் வளர்ந்த ஆண்களும் பெண்களும் நிறுத்தப்பட்டார்கள்.

1820களில் அடிமை முறையை ஒழிக்கச் சொல்லி பிரிட்டனில் இயக்கம் வலுத்தது. ஒழிக்க மனமில்லாத அரசு, முதலில் சீர்திருத்திப் பார்ப்போம் என்றது. சோதனைக்கு டிரினிடாட் தோதாக இருந்தது. அங்கே தோட்ட முதலாளிகளின் சட்டசபை இல்லை. லண்டன் உத்தரவு போட்டால் அதுவே சட்டம். 1824 மார்ச்சில் வந்த உத்தரவு பெண்களைச் சவுக்கால் அடிப்பதைத் தடை செய்தது. வயலில் மேஸ்திரி சவுக்கோடு நிற்கக் கூடாது. ஆண்களுக்கு 25 அடிக்கு மேல் கூடாது. யாரை, எதற்காக, எத்தனை அடி அடித்தோம் என்று தோட்டம் ஒரு பேரேட்டில் எழுதி வைக்க வேண்டும். இவற்றைக் கண்காணிக்க அடிமைகளின் பாதுகாவலர் என்று ஓர் அதிகாரி. பிற்பாடு டெமராரா, பெர்பிஸ், நன்னம்பிக்கை முனை, மொரிஷியஸ் எல்லாவற்றுக்கும் அதிகாரி வந்தார். ஆண்களை அடிப்பது தவறு என்று அந்த உத்தரவில் எங்கும் இல்லை. கணக்கில்லாமல் அடிப்பதுதான் தவறு. ஆனாலும் தோட்டக்காரர்கள் கொதித்தார்கள். தன் வீட்டு மாட்டை அடிப்பதற்கு யாருக்குக் கணக்குக் காட்டுவது என்பது அவர்கள் கட்சி.

இன்றைய கயானாவின் ஒரு பகுதியான பெர்பிஸில் அடிமைகள் சொன்ன முறையீடுகள் பெருமளவில் பதிவாகி, இன்றும் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சாப்பாடு போதவில்லை, நோய் என்றாலும் வேலைக்கு இழுக்கிறார்கள், கர்ப்பிணியை அடித்தார்கள், ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று போகிறது பட்டியல். எழுதியது வெள்ளைக்கார குமாஸ்தா, எழுதிய மொழி அவருடைய ஆங்கிலம், எல்லாம் படர்க்கையில். அப்படி இருந்தும், அந்த மனிதர்கள் பேசியதன் சாயல் வேறெங்கும் இவ்வளவு அருகில் கிடைக்காது. முறையிட வேண்டுமானால் நியூ ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்குப் போக வேண்டும். தோட்டத்தை விட்டு நகர எஜமானின் சீட்டு வேண்டும். எஜமான்மேல் புகார் சொல்லப் போகிறவருக்கு எஜமான் சீட்டு எழுதித் தருவாரா? பலர் இரவோடு இரவாக நடந்தார்கள். போய்ச் சேர்ந்து சொல்லி, முறையீட்டில் உண்மையில்லை என்று முடிவானால் சொன்னவருக்கே சவுக்கடி. இந்த விதி தெரிந்தும் நூற்றுக்கணக்கில் போனார்கள் என்பதை நினைக்க வேண்டும்.

அடிமை முறை ஒழிந்தது. கரும்பு ஒழியவில்லை. 1834 முதலே மொரிஷியஸுக்கு இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போகத் தொடங்கினார்கள். ஏமாற்றி ஏற்றுகிறார்கள், கடத்துகிறார்கள் என்று கூச்சல் கிளம்பி 1839இல் இந்திய அரசு கதவை மூடியது. 1842இல் மொரிஷியஸுக்கு மட்டும் திறந்தது. திறந்தபோது இரு கரையிலும் ஆள் போட்டார்கள். இந்தியத் துறைமுகத்தில் குடிபெயர்வோரின் பாதுகாவலர், போர்ட் லூயியில் குடியேறிகளின் பாதுகாவலர். அடிமைகளுக்கு வைத்த பதவியைப் பலகை மாற்றிக் கூலிகளுக்கு வைத்தார்கள் என்று சொல்லலாம். விதிகளும் பேரேடுகளும்கூடப் பழைய வாசனையோடேயே வந்தன.

சென்னையில் அந்த வேலை எப்படி நடந்தது? ஊரில் ஆள் பிடிப்பவன் சேர்த்த கூட்டத்தை, கப்பலேறும்வரை தங்கவைக்கும் டிப்போவுக்குக் கொண்டு வருவார்கள். எங்கே போகிறாய் தெரியுமா, எத்தனை வருஷம் தெரியுமா, உன் இஷ்டத்தோடுதான் போகிறாயா என்று பாதுகாவலரின் அலுவலகம் கேட்க வேண்டும். மருத்துவர் பார்க்க வேண்டும். கப்பலில் இடம், தண்ணீர், அரிசி சரியா என்று பார்க்க வேண்டும். 100 ஆணுக்கு 40 பெண் இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதி ஆண்கள் மட்டுமே வாழும் கூலி லயன்களின் சீரழிவைத் தடுக்க வந்தது. நடைமுறையில், பெண் கணக்கு குறைந்தால் கப்பல் நகராது. கப்பல் நிற்க நிற்க ஏஜென்டுக்குச் செலவு. கணவனைப் பறிகொடுத்தவள், புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டவள், பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்தவள் என்று தனியாக நிற்கிற பெண்ணைத் தேடி ஆள் பிடிப்பவர்கள் சந்தைகளிலும் சத்திரங்களிலும் அலைந்தார்கள். நல்லெண்ணத்தில் எழுதிய விதி ஒன்று அவர்களை வேட்டைக்குக் கிளப்பிவிட்டது. அந்தப் பெண்களில் சிலர் விட்டுப்போனதைவிடக் கடலுக்கு அப்பால் மேலான வாழ்க்கை கண்டார்கள் என்பதும் உண்மை.

சென்னையிலிருந்து நேட்டாலுக்கு முதலில் போன கப்பல் துருரோ. 1860 அக்டோபரில் கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஏறக்குறைய 1.52 லட்சம் பேர் நேட்டாலுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. கப்பல் பட்டியலில் ஒரு வரியைப் பார்த்தால் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் என்று கட்டங்கள் ஓடும். அங்க அடையாளக் கட்டத்தில் இடது முழங்காலில் தழும்பு, மார்பில் மச்சம் என்கிற மாதிரிக் குறிப்புகள். தமிழரின் சாதிக் கட்டத்தில் 'மலபார்' என்று மட்டும் போட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போன குமாஸ்தாவும் உண்டு. காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய கிராமப் பெயர்களைக் கண்டுபிடிக்க, இன்று டர்பனிலிருந்து வரும் பேரப் பிள்ளைகள் வேலூர்ப் பக்கமும் தஞ்சாவூர்ப் பக்கமும் வரைபடத்தோடு சுற்றுகிறார்கள்.

நேட்டாலில் ஆரம்பத்தில் இருந்தவர் கூலி ஏஜென்ட். பாதுகாவலர் என்ற பதவி வந்ததற்குக் காரணம் திரும்பி வந்தவர்கள். 1871இல் முதல் தொகுதியினர் ஊர் திரும்பிச் சென்னையில் இறங்கியதும் வாய் திறந்தார்கள்: கூலியைப் பிடித்துக்கொண்டார்கள், அடித்தார்கள், நோய்க்கு மருந்தில்லை. நேட்டால் அரசு 1872இல் விசாரணைக் கமிஷன் போட்டது. அதன்பின்தான் பாதுகாவலர் வந்தார். அவருக்கு எழுத்தில் இருந்த அதிகாரங்கள் கணிசமானவை. தோட்டங்களைப் பார்வையிடலாம், முறையீடு கேட்கலாம், ஒப்பந்தத்தை வேறு முதலாளிக்கு மாற்றலாம், திருமணங்களைப் பதிவு செய்யலாம்.

இவ்வளவும் கொடுத்த கை இன்னொன்றையும் செய்தது. நேட்டாலின் 1891ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. ஒரு தோட்டத்துக் கூலிகள் எல்லோருமோ பெரும்பாலோரோ அனுமதியில்லாமல் வேலையை விட்டுக் கிளம்பி, முதலாளிமேல் புகார் சொல்லப் போனால் அது குற்றம். புகார் உண்மை என்று ஆனாலும் குற்றம்தான். அபராதம், இல்லையேல் சிறை. தனியாளாகப் போனாலும் சீட்டு இல்லாமல் சாலையில் நடந்தால் போலீஸ் பிடிக்கலாம். பாதுகாவலரின் கதவு திறந்தே இருந்தது. கதவுக்குப் போகும் சாலையில் கைது காத்திருந்தது. பதவியைக் கொடுத்த அதே சட்டசபை இந்தப் பிரிவையும் எழுதியது என்பதால் இதை மறதி என்று சொல்வதற்கில்லை.

1894இல் டர்பனில் வக்கீல் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த காந்தியின் அலுவலகத்துக்குப் பாலசுந்தரம் வந்த நிகழ்ச்சியை இந்தப் பின்னணியில் படித்தால் வேறு மாதிரி தெரிகிறது. முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் ரத்தம் வழிய, கிழிந்த உடையோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி நின்ற ஒப்பந்தத் தொழிலாளி. தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் காந்தி வற்புறுத்தினார் என்பது நம் பாடப் புத்தகங்கள்வரை வந்துவிட்ட பகுதி. அதற்குப் பிறகு நடந்ததில்தான் சட்டத்தின் உள்ளமைப்பு தெரியும். காந்தி அவரை ஒரு வெள்ளைக்கார மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்று வாங்கினார், நீதிபதியிடம் அழைத்துப் போனார், முதலாளிக்குச் சம்மன் போனது. முதலாளியைத் தண்டிப்பது காந்தியின் நோக்கமில்லை. பாலசுந்தரத்தை அங்கிருந்து வெளியே எடுப்பதுதான். சாதாரண வேலைக்காரன் சொல்லாமல் போனால் முதலாளி சிவில் வழக்குப் போடலாம், அவ்வளவுதான். ஒப்பந்தக் கூலி போனால் அது கிரிமினல் குற்றம். பாதுகாவலரிடம் கேட்டபோது வேறு முதலாளியைப் பிடித்து வந்தால் மாற்றித் தருகிறேன் என்றார். அந்த வேறு முதலாளி ஐரோப்பியராகத்தான் இருக்க வேண்டும்; ஒப்பந்தக் கூலியை வைத்துக்கொள்ள இந்தியருக்கு உரிமை இல்லை. காந்தி தனக்குத் தெரிந்த சொற்ப வெள்ளைக்காரர்களில் ஒருவரைக் கண்டுபிடித்துச் சம்மதிக்க வைத்தார்.

இதில் பாதுகாவலர் கெட்ட மனிதராக நடந்துகொள்ளவில்லை. விதிப்படி நடந்தார். ஆனால் ஒரு கூலி தன் பாதுகாவலரிடமிருந்து தீர்வு வாங்க, ஆங்கிலம் தெரிந்த வக்கீல், ஒரு மருத்துவர், ஒரு நீதிபதி, ஓர் ஐரோப்பியக் கனவான் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பாலசுந்தரத்தின் செய்தி பரவியதும் மற்ற ஒப்பந்தக் கூலிகள் காந்தியின் அலுவலகத்துக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்கள் கால்கள் எந்தத் திசையில் போயின என்பது பாதுகாவலரின் ஆண்டறிக்கைகளைவிடத் தெளிவான சாட்சி.

மொரிஷியஸில் பாதுகாவலரின் அலுவலகம் இன்னும் கெட்டியான இரும்புப் பெட்டியாக மாறியது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிக்கும் 'இரட்டை வெட்டு' அங்கே சட்டமாகவே இருந்தது. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் முடித்து விடுதலையானவர்களும் புகைப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாடோடி என்று கைது. 1871இல் அடோல்ப் டி பிளெவிட்ஸ் என்ற சிறு தோட்டக்காரர் 9,401 பேர் கையொப்பம் வைத்த மனுவைத் திரட்டினார். லண்டன் ராயல் கமிஷனை அனுப்பியது. தீவின் தோட்ட முதலாளிகள் பிளெவிட்ஸை நடுத்தெருவில் தாக்கினார்கள். இப்போது அந்தப் புகைப்படங்களும் பேரேடுகளும் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. கொள்ளுப்பாட்டனின் முகத்தைத் தேடி வருகிறவர்களுக்கு அங்கே அது கிடைக்கிறது. கைது செய்ய எடுத்த படம் இன்று குடும்பப் படம். காரணம் எதுவானாலும் பாதுகாத்து வைத்தார்கள், அது மிச்சம்.

நல்ல பாதுகாவலர் எப்படி இருந்தார் என்பதற்கு பிரிட்டிஷ் கயானாவின் ஜேம்ஸ் கிராஸ்பியைச் சொல்ல வேண்டும். அங்கே பதவியின் பெயர் குடியேற்றத் தலைமை ஏஜென்ட், வேலை இதுவேதான். 1858இல் வந்தவர் சுமார் 20 ஆண்டுகள் இருந்தார். எந்தக் கூலி வந்தாலும் உட்கார்ந்து கேட்பவர் என்று பெயர் எடுத்தார். அவர் தோட்டங்களுக்குள் போய் விசாரிப்பது முதலாளிகளுக்குப் பிடிக்கவில்லை. 1860களில் ஆளுநர் ஹிங்க்ஸ் கிராஸ்பியின் அதிகாரங்களைக் கத்தரித்து அவரை மேசையோடு கட்டிப்போட்டார். ஆனால் கூலிகளுக்கு அந்த அலுவலகம் 'கிராஸ்பி'தான். அவர் இறந்த பிறகும், வேறு அதிகாரிகள் வந்துபோன பிறகும், பல பத்தாண்டுகளுக்குக் 'கிராஸ்பியிடம் போகிறேன்' என்றே சொன்னார்கள்.

சிங்கப்பூரிலும் இதேதான் நடந்தது. வில்லியம் பிக்கரிங் 1877இல் சீனர்களின் முதல் பாதுகாவலரானார். சீன மொழிகள் பல பேசத் தெரிந்த ஐரோப்பிய அதிகாரி அதற்குமுன் அங்கே இல்லை. அரசு அறிவிப்புகளின் சீன மொழிபெயர்ப்புகளை அவர் படித்துப் பார்த்தபோது ஐரோப்பியர்கள் 'செந்தலைக் காட்டுமிராண்டிகள்' என்றும் நீதிபதிகள் 'பேய்கள்' என்றும் அச்சாகியிருந்ததாம். ஆளுநருக்குத் தெரியாமலேயே அரசு தன்னைத் தானே வைதுகொண்டிருந்தது. பிக்கரிங்கின் ஆட்கள் கப்பலில் ஏறி, கடன் டிக்கெட்டில் வந்த புதுக் கூலிகளை அடைத்து வைக்கும் தரகர்களிடமிருந்து பிரித்துப் பதிவு செய்தார்கள். ரகசியச் சங்கங்களுக்கு நடுவே அவரே பஞ்சாயத்தும் செய்தார். 1887 ஜூலையில் ஒரு தச்சர் அவர் அறைக்குள் வந்து கோடரித் தலையை நெற்றியில் வீசினார். சூதாட்டத்தை ஒடுக்கியதால் சங்கத்துக்காரர்கள் ஏவினார்கள் என்று பேச்சு. பிக்கரிங் பிழைத்தார், ஆனால் பழையபடி தேறவில்லை. அந்த அலுவலகத்தைச் சீனர்கள் வெகுகாலம் 'பிக்கிலிங்' என்றார்கள்.

கயானாவின் கூலியும் சிங்கப்பூரின் சீனரும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இருவருமே பதவியை விட்டுவிட்டு ஆளின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்த இடத்தில் அது ஒரு மனிதரிடமிருந்து கிடைத்தது, அந்த மனிதர் போனதும் அதற்கு உத்தரவாதமில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் விஷயம் இருண்டு போகிறது. பழங்குடிகளின் நிலையை விசாரித்த பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு 1837இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி, இன்றைய விக்டோரியாவில் ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன் தலைமைப் பாதுகாவலரானார், கீழே நான்கு பேர். அதற்குமுன் ராபின்சன் தாஸ்மானியப் பழங்குடிகளைச் சமாதானம் பேசி ஃபிளிண்டர்ஸ் தீவுக்குக் கொண்டுபோய் வைத்தவர். சுமார் 200 பேர் போன அந்தத் தீவிலிருந்து 1847இல் திரும்பியவர்கள் 47 பேர். விக்டோரியாவின் நான்கு உதவியாளர்களில் சார்லஸ் சீவ்ரைட் என்பவர் வெள்ளைக்காரக் குடியேறிகள் நடத்திய படுகொலைகளை விடாமல் விசாரித்தார். அந்த மாவட்டத்தில் அவரைப் போல வெறுக்கப்பட்டவர் வேறில்லை. சாட்சி சொல்ல வந்த பழங்குடிகளின் வாக்குமூலத்தை, பைபிள்மேல் சத்தியம் செய்யாதவர்கள் என்று நீதிமன்றம் ஏற்கவில்லை. சீவ்ரைட்டின் குடும்ப வாழ்க்கையைப் பற்றிய குற்றச்சாட்டுகளைச் சொல்லி 1842இல் அவரைப் பதவியிலிருந்து நிறுத்தினார்கள். 1849 முடிவில் அந்தத் துறையே மூடப்பட்டது.

அடுத்த தலைமுறைப் பாதுகாவலர்கள் வேறு ரகம். குயின்ஸ்லாந்தின் 1897ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளூர்ப் பாதுகாவலர் பெரும்பாலும் போலீஸ்காரரே. பழங்குடித் தொழிலாளியின் சம்பளம் அவர் கையில் இருக்கும் கணக்கில் விழும். தன் காசை எடுக்கத் தொழிலாளி அவரிடம் கைநாட்டு வைத்துக் கேட்க வேண்டும். திரும்பி வராத அந்தச் சம்பளத்துக்காக நடந்த வழக்கில் 2019இல் குயின்ஸ்லாந்து அரசு 19 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டது. மேற்கு ஆஸ்திரேலியாவின் 1905ஆம் ஆண்டுச் சட்டம் 16 வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு பழங்குடிக் குழந்தைக்கும் தலைமைப் பாதுகாவலரையே சட்டப்படியான கார்டியன் ஆக்கியது. பெற்ற தாய் உயிரோடு இருந்தாலும் அப்படித்தான். 1915 முதல் அந்த நாற்காலியில் இருந்த ஏ. ஓ. நெவில், கலப்பினக் குழந்தைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்து முகாம்களில் வளர்ப்பதை ஒரு கொள்கையாகவே நடத்தினார். 1931இல் மூர் ரிவர் முகாமிலிருந்து மூன்று சிறுமிகள் தப்பி, முயல் தடுப்பு வேலியைப் பிடித்துக்கொண்டே சுமார் 1,600 கிலோமீட்டர் நடந்த கதை, 2002இல் வந்த திரைப்படத்தால் உலகுக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் பாதுகாவலரின் வாசலை நோக்கி நடக்கவில்லை. அவரிடமிருந்து தப்பி நடந்தார்கள். 2008 பிப்ரவரி 13 அன்று இப்படிப் பிரிக்கப்பட்ட பிள்ளைகளிடம் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

ஆட்களுக்கு வைத்த பாதுகாப்பை நாடுகளுக்கும் வைத்தார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சான்சிபார் 1890இல் பிரிட்டனின் பாதுகாப்பு நாடானது. 1896இல் பாதுகாவலருக்குப் பிடிக்காத ஒருவர் சுல்தான் ஆனபோது போர்க்கப்பல்கள் அரண்மனையைச் சுட்டன. சண்டை ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஜெர்மானியர்களும் பாடம் கற்றுக்கொண்டார்கள்: 1939இல் ஹிட்லர் பிடித்த செக் பகுதிகளை ஆண்டவரின் பதவிப் பெயர் ரைக் பாதுகாவலர்.

பேரரசு போய்விட்டது. பதவி போகவில்லை. இந்தியாவில் 1922ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது இருந்தது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்திலும் இருக்கிறது. டில்லியில் தலைமைப் பாதுகாவலர், சென்னை உட்படப் பல நகரங்களில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டுகளின் பேச்சில் இது 'பிஓஇ ஆபீஸ்'. பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் 'ஈசிஆர்', அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை, என்று அச்சாகி வரும். அந்தப் பாஸ்போர்ட்டோடு சவுதி, குவைத், மலேசியா என்று பட்டியலில் உள்ள 18 நாடுகளில் ஒன்றுக்கு வேலைக்குப் போக, பாதுகாவலரின் அனுமதி வேண்டும். படித்தவர் பாஸ்போர்ட்டில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். அவர் யாரையும் கேட்காமல் விமானம் ஏறலாம்.

இதைக் கேலி செய்வது எளிது. அனுமதி பெற்றுப் போகிறவருக்குச் சில உறுதியான பலன்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். வேலை ஒப்பந்தம் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவாகிறது. குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு என்று நாடுவாரியாக வைத்திருக்கிறார்கள். விபத்தில் இறந்தால் 10 லட்சம் ரூபாய் காப்பீடு உண்டு, அதற்குப் பிரீமியம் சில நூறு ரூபாய்தான். ஆனால் பாதுகாவலர் உட்கார்ந்திருப்பது சென்னையில். அடி விழுவது ரியாத்தில். அங்கே பாஸ்போர்ட்டைக் கஃபீல், அதாவது விசாவுக்குப் பொறுப்பான முதலாளி, வாங்கி வைத்துக்கொண்டால், தூதரகத்துக்கு முறையிடப் போன தொழிலாளிமேல் ஓடிப்போனவன் என்று 'ஹுரூப்' போட்டுவிடலாம். அது விழுந்தபின் அவர் சட்டவிரோதமாகத் தங்கியவர். 1891இன் நேட்டால் பிரிவை எழுதியவர்களுக்கு இது புதிதாகத் தெரிந்திருக்காது.

பெண்களுக்கு இன்னொரு விதி. ஈசிஆர் பாஸ்போர்ட் உள்ள பெண் 30 வயது ஆகாமல் அந்த நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக முடியாது. 30 தாண்டியவர்களும் 2016 முதல் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போகலாம். தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். இளம்பெண்கள் ஏமாற்றப்படுவதைத் தடுக்கத்தான் இந்த விதி, அதில் சந்தேகமில்லை. 100க்கு 40 என்ற பழைய விதியும் பெண்களின் நன்மைக்காக வந்ததுதான். வீட்டில் கடன், கையில் குழந்தை என்று இருக்கும் 26 வயதுக்காரிக்கு ஏஜென்ட் சொல்லும் வழி விசிட் விசா. சுற்றுலாப் பயணி என்று போய் இறங்குகிற அவருக்குப் பாதுகாவலரின் அனுமதி தேவையில்லை. அதனாலேயே அவர் ஒப்பந்தம் எங்கும் பதிவாகாது, காப்பீடும் கிடையாது. நாளை ஏதாவது நடந்து, அவர் தங்கை சென்னை அலுவலகத்தில் போய்க் கேட்டால் அந்தப் பெயரில் யாரும் வேலைக்குப் போனதாகக் கணினியில் இருக்காது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்ற 2019இலும் 2021இலும் வரைவுகள் வெளிவந்தன. பெண்களைத் தடுப்பதா, பின்தொடர்ந்து பார்ப்பதா என்பதில் அவற்றைப் பற்றிய விவாதம் இன்னும் தீரவில்லை.